செய்தித்தாள் போதாதா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சமகால வரலாறு படிக்க மகள் ஆசைப்படுகிறாள். நேற்று நடந்ததற்குப் பட்டம் எதற்கு?

பதில்: நான் படித்ததே அதுதான் அம்மா. முதல் வாரமே, பெர்லின் நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து நின்ற பெர்லின் சுவர் விழுந்த கதை. 1989 நவம்பர் 9 மாலை, கிழக்கு ஜெர்மனித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி செய்தியாளர்கள் முன் தாளைப் புரட்டி, மேற்கே போகப் பயண அனுமதி 'உடனடியாக' அமல் என்று சொல்லிவிட்டார். மறுநாள்தான் அமலாக வேண்டியது. அன்றிரவே எல்லைக் கதவுகள் திறந்தன. ஒரு வாய் தவறிய சொல்லா காரணம்? ஹங்கேரி செப்டம்பரிலேயே எல்லையைத் திறந்து கிழக்கு ஜெர்மானியரை மேற்கே போகவிட்டது, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் திங்கள்தோறும் அரசை எதிர்த்துத் திரண்ட கூட்டம் எனத் தேடித் தேடியே ஒரு பருவம் போனது. அரசுக் கோப்புகள் பல நாடுகளில் 20, 30 ஆண்டுகள் பூட்டியே கிடக்கும். ஆனால் கண்ணால் கண்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் எதிரில் உட்காரக் கற்றதுதான் எனக்குப் பெரிய படிப்பு. அவர்கள் பேச்சு நிற்கும் இடத்தில் நாமும் காத்திருக்க வேண்டும். மகளைத் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.