மகள் வளைகுடா ஒப்பந்தச் சட்டம் படிக்கலாமா? அட்டன் அப்பா ஒருவருக்குப் பதில்

அண்ணே, "நாங்க இந்து, இஸ்லாமியச் சட்டம் இவளுக்கு எதுக்கு?" என்று கேட்டிருந்தீங்க. மகள் படிக்கக் கேட்பது மார்க்கப் படிப்பு இல்லை. வாங்கல் விற்றல், வாடகை, கூட்டு வியாபாரம், நட்டஈடு இதெல்லாம்தான். சவூதியில் ஒப்பந்தம் போடுகிறவர் எந்த மதமானாலும் அந்தச் சட்டம்தான் பேசும்.

எகிப்து 1948இலேயே தன் சிவில் சட்டத்தைத் தொகுத்துவிட்டது. சன்ஹூரி என்ற சட்ட அறிஞர் பிரெஞ்சு முறையோடு ஷரீஆ என்ற இஸ்லாமியச் சட்டத்தையும் சேர்த்து எழுதினார். பல அரபு நாடுகள் அதே வழியில் போயின. சவூதிக்கு அப்படியொரு தொகுப்பு வந்ததே 2023இல்தான், அந்த டிசம்பர் 16 முதல் நடைமுறை. அதுவரை நீதிபதிகள் பிக்ஹு என்ற இஸ்லாமியச் சட்ட விளக்க நூல்களைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள்.

இங்கே இலங்கையிலும் இதற்கு வேலை உண்டு. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வட்டியில்லா வங்கிமுறைக்கு வழி பிறந்தது. நம்ம பொடியன்கள் லீசிங்கில் ஆட்டோ எடுப்பாங்களே, அதற்குப் பதிலாக முராபஹா என்ற வட்டியில்லா விற்பனை முறை என்று வையுங்க. பேங்க் முதலில் ஆட்டோவை வாங்கித் தனக்குச் சொந்தமாக்கணும். பிறகு அடக்கவிலை இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கணும். கையில் வராத ஆட்டோவை முன்கூட்டியே விற்றதாகப் பத்திரம் எழுதினால், ஷரீஆப்படி அந்த விற்பனையே செல்லாது. எந்தத் தாளில் எந்தத் தேதி முந்தி விழுந்திருக்கிறது என்று பார்க்கவே சட்டம் தெரிந்த ஆள் வேணும். கணக்கில் கெட்டி, தாள்களைப் பொறுமையாக வாசிப்பாள் என்று எழுதியிருந்தீங்க. அது போதும்.

ஆனால் அங்கே போய்க் கோர்ட்டில் வாதாடலாம் என்ற கனவு வேண்டாம். அது பெரும்பாலும் அந்நாட்டவருக்கே. கம்பெனிகளில் ஒப்பந்தம் எழுதுவது, சரிபார்ப்பதுதான் நமக்கு வாய்க்கும். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அண்ணியின் சம்பளப் பிரச்சினையும் இதில் வராது. வீட்டுவேலைக்கு அங்கே 2015இன் 68ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கு.

முதலில் இங்கேயே சட்டப் பட்டம். உயர்தரப் பரீட்சையின் இசட் ஸ்கோர் புள்ளி கைகொடுத்தால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம். இல்லாவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பரீட்சை. நம்ம நாட்டின் அடிப்படையான ரோமன் டச்சுச் சட்டத்தில் ஒப்பந்தம் என்றால் என்னவென்று புரியாமல் முராபஹாவுக்குப் போனால் ரெண்டும் ஒட்டாது. "மூணு மாசத்தில் இஸ்லாமிய ஃபைனான்ஸ் சான்றிதழ், கையோடு டுபாய் வேலை" என்று யாராவது போன் எடுத்தால் காசு கட்டாதீங்க. இங்கிலீஷை ரிசல்ட் வருவதற்குள் தொடங்கட்டும், அரபு ரெண்டாம் வருஷத்தில் பார்க்கலாம்.