யார் மூன்றாம் மனிதர்?

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் சக ஊழியரின் பிறப்பைச் சொல்லிக் கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மூன்றாம் மனிதரான நான் தலையிட்டிருக்க வேண்டுமா?

பதில்: மூன்றாம் மனிதர் என்று சொல்லி நீங்களே ஒதுங்கிக்கொண்டீர்களே, அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

1893இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை ரயிலிலிருந்து தள்ளியது எல்லோருக்கும் தெரியும். அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு பயணி. பெட்டியில் ஏறினார், காந்தியை ஏற இறங்கப் பார்த்தார், வெளியே போய் அதிகாரிகளை அழைத்து வந்தார். அவரும் மூன்றாம் மனிதர்தான்!

சில நாட்கள் கழித்து பிரிட்டோரியா போகும் ரயில். ஜெர்மிஸ்டனில் ஏறிய கார்டு, முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காந்தியை மூன்றாம் வகுப்புக்குப் போகச் சொன்னார். பெட்டியில் இருந்த ஒரே ஆங்கிலேயர் குறுக்கிட்டார். இவரை ஏன் தொந்தரவு செய்கிறீர், சீட்டு வைத்திருக்கிறாரே, இவர் என்னோடு வருவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை என்றார். கார்டு முணுமுணுத்தபடி போய்விட்டார். காந்தியே எழுதியது இது. கார்டு யாருடைய சௌகரியத்துக்காக விரட்ட வந்தார்? அந்த ஆங்கிலேயருடைய சௌகரியத்துக்காக. அவரே வேண்டாம் என்றதும் கார்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. உங்கள் மேலதிகாரியும் உங்கள் எல்லோருடைய சிரிப்பையும் நம்பித்தான் வாயைத் திறந்தார்.

இதற்கும் யாராவது அந்த நியூயார்க் கதையை எழுதி அனுப்புவார்கள். 1964இல் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணின் கொலையை 38 பேர் பார்த்தும் ஒருவரும் அசையவில்லையாம், மனித இயல்பே அதுதானாம். அனுப்பாதீர்கள். அந்த 38 பத்திரிகை ஊதிப் பெருக்கிய கணக்கு. செய்தியில் பிழை இருந்ததை 2016இல் நியூயார்க் டைம்ஸே ஒப்புக்கொண்டது. குத்துப்பட்டவரிடம் ஓடிப்போய்க் கைகளில் தாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை அந்தச் செய்தி விட்டுவிட்டது. பத்திரிகைத் தொழில் செய்த பெரும் பாவங்களில் இது ஒன்று. அதை வைத்துக்கொண்டு கோழைத்தனத்துக்கு விஞ்ஞானப் பட்டம் கட்டுபவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது.

கூட்டத்தில் மனிதர் தயங்குவது உண்மைதான். 1968இல் லட்டானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். அசையாத இருவர் உடன் இருந்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். அந்த இருவரும் அப்படியே உட்காரச் சொல்லி வைக்கப்பட்டவர்கள். உங்களை யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மௌனத்தைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரரும் வாயை மூடியிருப்பார்.

ஆம், பேசியிருக்க வேண்டும். 'சார், இது சரியில்லை' என்ற மூன்று சொற்கள் போதும், பிரசங்கம் தேவையில்லை. வேலைக்கே ஆபத்து என்று அஞ்சினால், நாளைக் காலை அந்த ஊழியரிடம் போங்கள். நடந்தது தவறு, நான் பார்த்தேன், நீங்கள் புகார் கொடுத்தால் சாட்சி சொல்கிறேன் என்று சொல்லுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் முடிவு. கொடுத்தால், சொன்னபடி போய் நில்லுங்கள்.