கண்ணாடிக்குள் நடனம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரனுடன் அனஹைம் டிஸ்னிலேண்டில் உள்ள 'ஹாண்டட் மேன்ஷன்' என்னும் பேய் மாளிகைக்குச் சென்றேன். நடனக்கூடத்தில் ஊடுருவித் தெரிந்த உருவங்களைக் கண்டு மெய்சிலிர்த்தது. வீடு திரும்பியதும், அது வெறும் கண்ணாடி வேலை என்று மருமகன் சொல்லிவிட்டார். அன்றுமுதல் ஏமாந்துபோன உணர்வு. பேரனிடம் இதைச் சொல்லலாமா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மருமகன் சொன்னது உண்மைதான். 'வெறும்' என்ற சொல்லை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சென்ற வண்டி அந்தக் கூடத்தை மாடத்திலிருந்து பார்ப்பதுபோல நகர்கிறது. உங்களுக்கும் கூடத்துக்கும் நடுவே, ஊடே பார்க்கக்கூடிய மிகப் பெரிய கண்ணாடிகள் நிற்கின்றன. அப்பால் தெரியும் மேசையும் நாற்காலிகளும் அங்கேயே இருப்பவை; ஆவிகளோ உங்கள் தடத்துக்கு மேலும் கீழும், உங்கள் பார்வை எட்டாத இருட்டில், தம்மீது மட்டும் விழும் ஒளியில் அசைந்துகொண்டிருக்கும் பொம்மைகள். அவற்றின் பிம்பம் கண்ணாடியில் விழுந்து, மேசையருகே அமர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. விளக்கைத் தணித்தால் ஆவி கரைந்துவிடும். இரவு ரயிலின் சன்னலில், வெளியே ஓடும் மரங்களின்மேல் நம் முகம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே இயல்புதான்.

பிம்பத்தில் இடமும் வலமும் மாறுவதால், அங்கே ஆடும் இணைகளில், வழக்கத்துக்கு மாறாகப் பெண்களே ஆண்களை நடத்திச் செல்வதாகத் தெரியும். இதை அறிந்தபின் அந்தக் காட்சி எனக்கு மேலும் நெருக்கமாயிற்று.

இந்த உத்தியை 1862இல் லண்டன் மேடையில் புகழ்பெறச் செய்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹென்றி பெப்பர். அதன் மூல யோசனை ஹென்றி டர்க்ஸ் என்னும் பொறியாளருடையது. நூறாண்டுகளுக்குப் பின் டிஸ்னியின் வடிவமைப்பாளர்களான யேல் கிரேசியும் ராலி கிரம்பும் மாளிகைக்கான மாய உத்திகளைச் சோதித்துப் பார்த்தார்கள். வெளிக்கட்டடம் 1963இலேயே எழுந்துவிட்டபோதும், மக்கள் உள்ளே நுழைய 1969 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. மாளிகையில் படிகக் கோளத்துக்குள் பேசும் பெண்ணின் முகம், டிஸ்னி நிறுவனத்திலேயே பணியாற்றிய லியோட்டா டூம்ஸுடையது. அதைப் படமெடுத்து, ஒரு பொம்மைத் தலையின்மீது ஒளியாகப் பாய்ச்சினார்கள். குரல் நடிகை எலினோர் ஆட்லியுடையது. இத்தனை பேர் இவ்வளவு பொறுமையோடு செய்ததை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேரனிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. இருட்டறையில் ஒரு கண்ணாடித் தகட்டை நிமிர்த்தி வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அவன் கண்ணுக்கு நேரே தெரியாதபடி ஒரு புத்தகத்தால் மறையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால், அதே தொலைவில், தண்ணீர் நிரம்பிய தம்ளரை வையுங்கள். சுடர் தண்ணீருக்குள் நின்று எரியும். நீங்கள் அந்தத் தம்ளருக்குள் விரலை விடுங்கள். பேரன் பதறி உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். அப்போது கண்ணாடிக்குப் பின்னே அவனை அழைத்துச் சென்று காட்டுங்கள்.