ஊசி போட ஏன் இத்தனை நாள்?

ஐயா,
ஊருக்குள் யானை வந்தால் வனத்துறையினர் வெடி போடுவதும் கூட்டத்தை விரட்டுவதுமாகவே இருக்கிறார்கள். தேனி மாவட்டம் கம்பம் ஊருக்குள் அரிக்கொம்பன் யானை நுழைந்தது 2023 மே 27. பிடித்ததோ ஜூன் 5. வந்த அன்றே மயக்க ஊசி போட்டிருக்கலாமே?
சரவணன்

அன்புள்ள சரவணன்,

ஊசி போடும் முடிவை ரேஞ்சர் எடுக்க முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி, யானையைப் பிடிக்க மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு தரவேண்டும். ஆனால் பெரிய சிக்கல் காகிதத்தில் இல்லை, மருந்தில் இருக்கிறது.

சைலசின், கீட்டமின் என்ற மயக்க மருந்துகள் கலந்த ஊசி பட்டதும் யானை அங்கேயே நின்றுவிடாது. மருந்து பிடிக்கப் பத்து இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை நடக்கும், ஓடும். கிணறு, குளம், மின்கம்பி எதில் வேண்டுமானாலும் போய் விழலாம். மிரண்டிருக்கும் யானைக்குச் சைலசின் சரியாகப் பிடிக்கவும் செய்யாது. கூட்டம் கத்த, மேலே டிரோன் இரைய, முதல் ஊசி வீணாகும். அடுத்தது போட வேண்டிவரும். அளவு மிஞ்சினால் யானை நெஞ்சு தரையில் அழுந்தப் படுத்துவிடும். அந்த எடையில் நுரையீரல் விரிய முடியாமல் செத்தே போகலாம். நின்றபடி மயங்கினால்தான் பழக்கப்பட்ட கும்கி யானைகள் தள்ளி லாரியில் ஏற்ற முடியும். அதனால்தான் முதலில் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். கம்பத்தில் 144 தடை போட்டதை வெறும் கெடுபிடியாகப் பார்க்காதீர்கள். யானைக்கும் மனிதருக்கும் அதுதான் முதல் பாதுகாப்பு. அந்த யானையால் அங்கே ஓர் உயிர் போனது என்பதையும் மறக்க முடியாது.

வெடியையும் கண்டபடி போடக்கூடாது. காட்டுப் பக்கம் வழியைத் திறந்துவைத்து, எதிர்ப்பக்கம் நின்றுதான் வெடிக்கவேண்டும். ஆர்வத்தில் நாலு பேர் அந்த வழியிலேயே பைக்கை நிறுத்தினால் யானை தெருவுக்குள்தான் திரும்பும்.

இன்னொன்று. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. காட்டு யானையைத் தராசில் நிறுத்த முடியாது. முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நாலரை அடி கயிறு என்றால் ஒன்பதடி யானை. அதிலிருந்து எடையைக் கணிக்கலாம். காலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஈரமண்ணில் குனிந்து தேடுவது இதைத்தான். அவர்கள் வருவதற்குள் ஊரே அதன்மேல் நடந்திருக்கும். உங்கள் தோட்டத்தில் தடம் கிடந்தால் ஒரு கூடையைக் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு, எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கம் போனது, குட்டி உண்டா என்று சொல்லியனுப்புங்கள்.