ஜீயஸுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவையா?

கேள்வி: மகளுக்காகக் கிரேக்கப் புராணக் கதைகள் வாங்கி நானும் படித்தேன். தலைமைக் கடவுள் ஜீயஸ் காளையாகவும் அன்னமாகவும் உருமாறிப் பெண்களை ஏமாற்றுகிறார். அவருடைய அப்பா குரோனஸ் பெற்ற பிள்ளைகளையே விழுங்குகிறார். அவர் மனைவி ஹீராவுக்குப் பழிவாங்குவதைத் தவிர வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. இப்படி ஒழுக்கமில்லாத தெய்வங்களை நம்பியதால்தான் கிரேக்க மதம் தானாகவே அழிந்துபோனது என்கிறேன். சரிதானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: சரியில்லை. கதைகளை ஒழுங்காகத்தான் படித்திருக்கிறீர்கள். ஜீயஸின் நடத்தைக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதும் இல்லை. ஆனால் அவற்றை வேதமாக எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறீர்கள். கிரேக்கர்களிடம் வேதம் என்று ஒன்று இருக்கவில்லை. 'இதை நம்புகிறேன்' என்று யாரும் உறுதிமொழி எடுக்க வேண்டியதும் இல்லை. பழங்காலக் கவிஞர்களான ஹோமரும் ஹெசியடும்தான் தெய்வங்களின் வம்சாவளியையும் வடிவத்தையும் நமக்குச் சொன்னவர்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார். அதாவது, கதைகள் கவிஞர்களின் கைவேலை என்பது அவர்களுக்கே தெரியும்.

உங்கள் குற்றச்சாட்டும் புதிதல்ல. 2,500 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிரேக்கர் அதை வைத்துவிட்டார். செனோஃபனீஸ் என்ற கவிஞர், மனிதர்கள் செய்தால் வெட்கக்கேடான திருட்டு, கள்ள உறவு, ஏமாற்று வேலை எல்லாவற்றையும் ஹோமரும் ஹெசியடும் தெய்வங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பாடினார். மாட்டுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கை இருந்து படம் வரைய முடிந்தால், மாடு மாட்டைப் போலவும் குதிரை குதிரையைப் போலவும்தான் சாமியை வரையும் என்றும் கேலி செய்தார். இப்படியெல்லாம் பாடியவர் ஊர் ஊராகச் சுற்றி, 92 வயதிலும் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்த பிளேட்டோ இன்னும் கடுமையானவர். தான் கற்பனை செய்த நகரத்தில் குரோனஸ் கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லவே கூடாது என்றார். நீங்கள் பிளேட்டோ கட்சி. கௌரவமான கட்சிதான்.

அப்படியானால் மதம் எங்கே இருந்தது? பலியில், திருவிழாவில், வீட்டில். ஏதென்ஸில் ஒருவர் உயர்ந்த பதவிக்குத் தேர்வானால், பதவி ஏற்கும் முன் அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். அப்பா யார், அம்மா யார், உன் வீட்டு முற்றத்து ஜீயஸின் சன்னிதி எங்கே இருக்கிறது, குடும்பக் கல்லறைகள் எங்கே, பெற்றோரைச் சரியாகக் கவனிக்கிறாயா, வரி கட்டுகிறாயா? ஜீயஸ் அன்னமாக மாறினார் என்பதை நம்புகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முற்றத்தில் மட்டுமல்ல, உக்கிராண அறையில் இருந்து வீட்டுச் சொத்தைக் காக்கவும் ஒரு ஜீயஸ் உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் சொத்து வழக்கு ஒன்றில், தாங்கள் பேரன்கள்தான் என்பதற்கு ஒரு தரப்பு சொன்ன ஆதாரம் சுவையானது. தாத்தா அந்த உக்கிராண ஜீயஸுக்குப் பலி கொடுக்கும்போது அடிமைகளையோ அந்நியரையோ பக்கத்தில் விடமாட்டார். எங்களை மட்டும் கூட நிறுத்திக்கொண்டார் என்கிறார்கள். விருந்தாளியைக் காக்கவும், சத்தியத்தை மீறியவனைத் தண்டிக்கவும், அடைக்கலம் கேட்டவனுக்குத் துணை நிற்கவும் தனித்தனி ஜீயஸ் வழிபாடுகள் இருந்தன. ஒழுக்கத்தைத் தேடுகிறவர் அங்கே தேட வேண்டும். உங்கள் மகளின் புத்தகத்தில் இந்த ஜீயஸ்கள் வந்திருக்க வாய்ப்பு குறைவு. கதையாகச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை.

சரி, அத்தனை காதலிகள் எதற்கு? பட்டியலை ஊர் ஊராகப் பிரித்துப் பாருங்கள். ஆர்கோஸின் வீரன் பெர்சியஸ் ஜீயஸின் மகன். கிரீட் தீவின் மன்னன் மினோஸும் அப்படியே. ஆர்கேடியா மக்களின் மூதாதை ஆர்காஸும் ஜீயஸின் பிள்ளைதான். ஸ்பார்ட்டாவின் இரண்டு அரச குடும்பங்களும் ஜீயஸின் மகன் ஹெராக்கிளீஸின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொண்டன. ஒவ்வோர் ஊரும் தன் வம்சத்தை உச்சிக் கடவுளோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது. இந்த உள்ளூர்க் கதைகளையெல்லாம் பிற்காலத்தில் ஒரே தொகுப்பாகச் சேர்த்ததும் ஜீயஸ் ஊருக்கு ஒரு வீடு வைத்தவராகத் தெரிகிறார். அந்தப் பெண்களின் பாடு இதனால் லேசாகிவிடாது. ஆனால் கதை எந்தத் தேவையில் பிறந்தது என்பது தெரியும்.

பெண்கள் பாடு என்றால், விளைச்சல் தெய்வம் டிமீட்டரின் கதையை மறுபடி எடுத்துப் படியுங்கள். டிமீட்டரிடம் தனக்குப் பிறந்த மகள் பெர்சிபொனியை மனைவியாக்கிக்கொள்ள ஜீயஸ் தன் அண்ணனும் பாதாள உலகின் அரசனுமான ஹேடிஸுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறார். தாய்க்குச் சொல்லவில்லை, பெண்ணைக் கேட்கவும் இல்லை. கிரேக்கக் குடும்பங்களில் தகப்பன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த விதமும் ஏறக்குறைய இதுதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் பழைய துதிப்பாடல் யார் பக்கம் நிற்கிறது? தாயின் பக்கம். தீப்பந்தத்தோடு சோறு தண்ணீர் இல்லாமல் அலைகிறாள். அப்புறம் விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். மனிதர்கள் பட்டினியில் செத்தால் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க ஆள் ஏது? ஜீயஸ் இறங்கி வருகிறார். ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு மகள் தாயிடம் என்று முடிவாகிறது. முழு வெற்றி இல்லை, பேரம்தான். இந்தத் தாய்க்கும் மகளுக்கும் ஏதென்ஸிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்து எலூசிஸில் ரகசியச் சடங்கு நடந்தது. கிரேக்கம் பேசத் தெரிந்து, கொலைப் பழி இல்லாமல் இருந்தால் போதும். பெண்களும் அடிமைகளும்கூட அதில் சேரலாம். ஏதென்ஸின் மக்கள் சபையில் அவர்களுக்கு இடமே கிடையாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

கதையில் இருந்த சுதந்திரம் சடங்கில் இல்லை. கி.மு. 405இல், மதுவின் தெய்வமான டயோனிசஸின் விழாவிலேயே நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் ஒரு நாடகம் போட்டார். அதில் டயோனிசஸ் ஒரு பயந்தாங்கொள்ளி. அடிமையோடு உடை மாற்றிக்கொள்கிறார், அடி வாங்குகிறார். ஓர் இடத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் சொந்தப் பூசாரியைப் பார்த்தே காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறார். நாடகத்துக்கு முதல் பரிசு! ஆனால் அதற்குப் பத்து ஆண்டு முன்பு, கி.மு. 415இல், ஒரே இரவில் யாரோ நகரத்தில் இருந்த ஹெர்மீஸ் என்ற தெய்வத்தின் கற்சிலைகளின் முகங்களை உடைத்தபோது ஏதென்ஸே ஆடிப்போனது. பலர் கைதானார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அந்த விசாரணையின்போதுதான், எலூசிஸ் சடங்கை வீட்டுக்குள் கேலியாக நடித்தார் என்ற புகாரில், சிசிலிப் போருக்குப் போன தளபதி ஆல்சிபியாடீஸையே திரும்ப அழைத்தார்கள். அவர் தப்பி எதிரி நாடான ஸ்பார்ட்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். சாக்ரடீஸ் மீது கி.மு. 399இல் வந்த குற்றச்சாட்டும், நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை என்பதுதான். ஆகவே 'சகிப்புத்தன்மை மிக்க கிரேக்கர்கள்' என்று மறுபக்கம் போய் விழுந்துவிடாதீர்கள்.

கடைசியாக, 'தானாக அழிந்தது' என்ற உங்கள் முடிவு. இதுதான் கேள்வியிலேயே பெரிய பிழை. தானாக அழியவில்லை, தடுத்து நிறுத்தப்பட்டது. ரோமப் பேரரசன் தியோடோசியஸ் கி.பி. 391, 392இல் போட்ட சட்டங்கள் பலியையும் கோயிலுக்குப் போவதையும் தடை செய்தன. வீட்டுத் தெய்வத்துக்குச் சாம்பிராணி போடுவதுகூடக் குற்றமாயிற்று. ஒழுக்கக் குறைவென்று நீங்கள் சொல்லும் கதைகளோ பிழைத்துக்கொண்டன. கிறிஸ்தவப் பேரரசின் பள்ளிகளில் பையன்கள் ஹோமரை வைத்துத்தான் இலக்கணம் படித்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹோமரின் இலியட்டுக்கும் ஒடிசிக்கும் வரிவரியாகப் பிரம்மாண்டமான உரை எழுதிய யூஸ்டாதியஸ், தெசலோனிக்காவின் பேராயர்.