ஆக்ஸிடோசின் எத்தனை யூனிட்னு நீங்க சொல்ல வேண்டாம்

கேள்வி: முதல் குழந்தைக்கு ராத்திரி முழுக்க வலி வந்து கடைசியில சிசேரியன். ரத்தம் நிக்காம ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. அடுத்த மாசம் தேதி குறிச்சு ரெண்டாவது சிசேரியன். ஆக்ஸிடோசின் ஹார்ட்டை பாதிக்கும், மாட்டுக்கு போடுற ஊசின்னு நெட்ல போட்டிருக்கு. எத்தனை யூனிட் போடச் சொல்லணும்? ஹீமோகுளோபின் 9.2, மலச்சிக்கலால இரும்பு மாத்திரையை நிறுத்திட்டேன்.

பதில்: போன தடவை மாதிரி ஆயிடுமோங்கறதுதானே உங்க பயம், அதை முதல்ல பேசிடலாம். ஆக்ஸிடோசின்ங்கறது கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தற ஹார்மோன். ராத்திரி முழுக்க வலி எடுத்த கர்ப்பப்பை அந்த ஹார்மோனுக்கே பழகி மரத்துப் போயிருக்கும், அப்புறம் ஊசி போட்டாலும் சரியா சுருங்காது, ரத்தம் போகும். வலியே வராம குறிச்ச தேதியில பண்ணும்போது நிலைமை வேற, 1 யூனிட் மெதுவா போட்டாலே பெரும்பாலும் சுருங்கிடும். மருந்து சில நிமிஷத்துல கரைஞ்சிடுங்கறதால பின்னாடியே டிரிப்ஸ்ல ஓட விடுவாங்க. வலி வந்தவங்களுக்கு 3 யூனிட்ல ஆரம்பிக்கணும்னு 2019ல சர்வதேச மயக்கவியல் நிபுணர்கள் சொன்னாங்க, சில ஆஸ்பத்திரியில 5, சில இடத்துல 10 யூனிட்னு வழக்கம் இருக்கு. ஹார்ட் படபடப்பு, பிரஷர் இறங்குறது எல்லாம் நிறைய மருந்தை ஒரே தள்ளா தள்ளினா வர்றது, அதுக்குத்தான் மயக்க டாக்டர் பக்கத்துலயே நிக்கறார். நீங்க அவர்கிட்ட சொல்ல வேண்டியது யூனிட் இல்ல, போன தடவை ரத்தம் ஏத்தின கதையை. ஒரு தடவை அப்படி ஆனவங்களுக்கு திரும்ப வர வாய்ப்பு கூடுதல்தான், தெரிஞ்சா ரத்தம் ரெடியா வச்சிருப்பாங்க.

மாட்டு ஊசி கதையை விடுங்க, அது உங்க உடம்பே சுரக்கற ஹார்மோன்தான். தாய்ப்பாலுக்கும் ஒண்ணும் ஆகாது.

ஆனா மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? 9.2ல டேபிள்ல ஏறினா மத்தவங்க தாங்கற ரத்த இழப்பை உங்க உடம்பு தாங்காது. மலச்சிக்கலுக்கு வழி இருக்கும்மா, இந்த வாரமே போய் கேளுங்க, நாள் கம்மியா இருக்கறதால இரும்புச் சத்தையே டிரிப்ஸ்ல ஏத்தலாம்.

இனி ஒரே ஒரு விஷயம், இதை கூட இருக்கப் போற அம்மாவோ மாமியாரோ யாரா இருந்தாலும் அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. வார்டுக்கு வந்தப்புறம் ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள்ள முழுசா நனைஞ்சா, இல்ல எலுமிச்சம்பழம் அளவு ரத்தக் கட்டி விழுந்தா, "பிள்ளை பெத்தா அப்படித்தான் போகும்"னு மாத்திப் போட்டுட்டு படுக்காதீங்க, பேட்டைக் கையோட காட்டி நர்ஸைக் கூப்பிடுங்க. சிசேரியன்ல ரத்தம் வயித்துக்குள்ளேயும் தேங்கலாம், அதனால பேட் காஞ்சே இருந்தாலும் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு அடிச்சு, கண்ணு இருட்டினா அதுவும் அவசரம்தான், சின்ன வயசுக்காரங்களுக்கு பிரஷர் கடைசியிலதான் இறங்கும். நர்ஸ் வயித்தை அழுத்திப் பாப்பாங்க, வலிக்கும், கையைத் தட்டி விடாதீங்க. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழிச்சு திரும்ப சிவப்பா கொட்டினாலும் இதே கணக்குதான், காய்ச்சலோ நாத்தமோ சேர்ந்தா இன்னும் சீக்கிரம், கஷாயம் வைக்க அடுப்பைப் பத்த வைக்காம 108ஐ கூப்பிடுங்க.