ஒரு 'கீ'க்குப் போர்ச்சுகீஸில் எத்தனை சொல்?

ஆங்கில 'கீ'க்கு ஷாவி என்கிறது அகராதி. கீபோர்டில் இருப்பதும் ஷாவிதானா?

இல்லை, அது தெக்லா. பியானோவில் விரல் படுகிற கட்டையும், கால்குலேட்டர் பொத்தானும் தெக்லாதான். அகராதியைப் புரட்டும் முன் கையைப் பாருங்கள்: திருப்பினால் ஷாவி, அழுத்தினால் தெக்லா. திருப்புகிற வேலையென்பதால் பட்டறைச் சாமான்களும் ஷாவி ஆகிவிட்டன. திருப்புளியைப் பிரேசிலில் 'ஷாவி ஜி ஃபெண்டா' என்பார்கள். ஃபெண்டா என்றால் பிளவு. ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி முனை உட்காரும் அந்தக் கோடுதான். வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்பேனருக்கு 'ஷாவி இங்லேஸா', அதாவது ஆங்கிலேயச் சாவி.

நம் சாவியும் அந்த ஷாவியும் ஒன்றா?

ஒன்றேதான். போர்ச்சுகீசியர் நம் கடலோரங்களுக்கு வந்த பிறகு ஜன்னல், அலமாரி, மேசையோடு சேர்ந்து வந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் திறவுகோல் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் முதல் எழுத்து. 16ஆம் நூற்றாண்டில் அவர்களும் 'ச்சா' என்றே அழுத்திச் சொன்னார்கள். லிஸ்பன் பேச்சு பின்னால்தான் 'ஷா'வுக்கு மாறியது. இப்போது அங்கே கடைசி உயிரையும் விழுங்கி 'ஷாவ்' என்கிறார்கள். போர்ச்சுகலின் வடக்குக் கிராமங்களில் பழைய 'ச்சா' இன்னும் காதில் விழும். இந்தியின் 'ச்சாபி'யிலும் அந்த ஒலி அப்படியே இருக்கிறது.

சாவோ பாவ்லோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பணம் அனுப்ப என் 'ஷாவி'யைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

தாராளமாக. பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் சேவையில் ஷாவி என்பது நம் யுபிஐ ஐடி மாதிரி. உங்கள் செல்பேசி எண், மின்னஞ்சல், வரி எண் எதையும் ஷாவியாகப் பதிந்துகொள்ளலாம். இதெல்லாம் வெளியே தெரிய வேண்டாம் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு ஷாவியை உங்கள் வங்கி வழியாகவே உருவாக்கிக்கொள்ளலாம். நான் அதையே சொல்வேன். ஆனால் 'சேன்யா' என்று யாராவது கேட்டால் வாயைத் திறக்காதீர்கள். அது கடவுச்சொல்.

தேர்வு விடைகளின் 'கீ'?

பிரேசிலில் கபரீட்டு. ஷாவி என்று சொல்ல மாட்டார்கள்.

சாவி வளையத்துக்கு என்ன பெயர்?

பிரேசிலில் ஷவேய்ரு, போர்ச்சுகலில் போர்த்தா ஷாவ்ஷ். சாவி செய்து தரும் பூட்டுக்காரரும் பிரேசிலில் ஷவேய்ருதான். அதனால் கடைப் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால், உள்ளே ஆள் இருக்கிறார் என்று நம்பிப் போகலாம்.